கார் நிறுத்தத் தூண்களுக்குக் கார்பன் ஃபைபர் சுற்று: எங்கள் 230×450 தூண்களுக்குப் பொருந்துமா?

வால்மீகி நகர்வாசி (கேள்வி)

வணக்கம். திருவான்மியூர் வால்மீகி நகரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் 1992 இல் கட்டப்பட்டது. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று தளங்கள். தூண்களில் பெரும்பாலானவை 230×450 மி.மீ.; லிஃப்டை ஒட்டிய நான்கு மட்டும் 230×600; முகப்பு போர்டிகோவைத் தாங்கும் இரண்டு தூண்கள் 300 மி.மீ. விட்டமுள்ள உருண்டைத் தூண்கள். கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு பல தூண்களின் அடிப்பகுதியில், முழங்கால் உயரம் வரை, பூச்சு உப்பி உதிர்ந்து, மூலைக் கம்பியின் நெடுக்கில் நேர்கோடாக விரிசல் விழுந்திருக்கிறது. ஒரு தூணில் கான்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்து, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருப்பது வெளியே தெரிகிறது.

சங்கத்தின் சார்பில் சோதனை செய்தோம். கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பார்த்ததில் சிலிண்டர் வலிமை சராசரியாக 15 மெகாபாஸ்கல் வந்தது. பழைய வரைபடத்தில் எம்15 என்று எழுதியிருக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறதா என்று மின்னழுத்தத்தை வைத்துப் பார்க்கும் அரைமின்கலச் சோதனையில் தூண்களின் அடியில் மைனஸ் 410 மில்லிவோல்ட் வரையிலும், நெஞ்சுயரத்துக்கு மேல் மைனஸ் 180 அளவிலும் பதிவாகியிருக்கிறது. அடிப்பகுதிக் கான்கிரீட்டில் குளோரைடு ஒரு கன மீட்டருக்கு 1.4 கிலோ.

ஓர் ஒப்பந்ததாரர் எல்லாத் தூண்களுக்கும் இரண்டு சுற்று கார்பன் ஃபைபர் (எபாக்ஸி பசையால் ஒட்டும் கார்பன் இழைத் துணி) சுற்றிவிட்டால் போதும், தூணின் பலம் இரட்டிப்பாகும், துருவும் நின்றுவிடும், கார் நிறுத்தும் இடம் ஓர் அங்குலம்கூடக் குறையாது என்கிறார். வேறொரு பொறியாளர் தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் ஊற்றிப் பருமனாக்கும் ஜாக்கெட்டிங்தான் சரி என்கிறார். ஆனால் அதைச் செய்தால் இரண்டு கார்களுக்கான இடம் போய்விடும் என்று உறுப்பினர்கள் எதிர்க்கிறார்கள். இதோடு, மொட்டை மாடியில் சோலார் தகடுகள் அமைக்கும் யோசனையும் இருக்கிறது. ஃபைபர் சுற்று எங்கள் தூண்களுக்கு உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் துறை சார்ந்தவர்கள் விளக்கினால் பொதுக்குழுவில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

தூணும் உத்திரமும்

சோதனை எண்களோடு கேள்வி கேட்டதற்கு முதலில் நன்றி. இப்படிப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தோடு நின்றுவிடும்.

உங்கள் கோர் அறிக்கையே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சிலிண்டர் வலிமை 15 என்றால், கனசதுரக் கட்டியைச் சோதிக்கும் கியூப் கணக்கில் ஏறக்குறைய 19 மெகாபாஸ்கல்; எம்15 இல் உள்ள 15 என்பதும் கியூப் கணக்குதான். 1992 இல் நடைமுறையில் இருந்த கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 இன் 1978 ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்15 ஐ அனுமதித்தது. 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் குறைந்தபட்சம் எம்20 என்று ஆனது. ஆக, கட்டியபோது கேட்ட வலிமையை உங்கள் கான்கிரீட் இன்றும் தாண்டித்தான் நிற்கிறது. கெட்டுப்போயிருப்பது கம்பி. கான்கிரீட்டின் வலிமைக் குறைவுக்கான மருந்தை, கம்பித் துருவுக்கு உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

சரி, சுற்று எப்படி வேலை செய்கிறது? தூணை மேலிருந்து அழுத்தும்போது கான்கிரீட் பக்கவாட்டில் விரிய முயல்கிறது. சாதாரணச் சுமையில் இந்த விரிவு மிகச் சிறிது. உடையும் நிலையை நெருங்கும்போது உள்ளே நுண்விரிசல்கள் பெருகி, விரிவு சட்டென்று கூடும். அந்த நேரத்தில் சுற்றியிருக்கும் ஃபைபர் இழுவிசைக்கு உள்ளாகி, கான்கிரீட்டை உள்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பழுக்கக் காய்ச்சிப் போடும் இரும்புப் பட்டா, ஆறியதிலிருந்தே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைபர் சுற்று அப்படியல்ல. கான்கிரீட் விரிந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். எனவே இன்று தூணின் மேல் இருக்கும் சுமையில் ஒரு கிலோவைக்கூட அது வாங்கிக்கொள்ளாது.

இந்தப் பிடி உருண்டைத் தூணில் சுற்றளவு முழுவதும் ஒரே சீராகக் கிடைக்கும். செவ்வகத் தூணில் தட்டையான முகத்தின் நடுப்பகுதியில் ஃபைபர் வெறுமனே வெளிப்பக்கம் வளைந்து கொடுக்கும். மூலைகளில் மட்டுமே அழுத்தம் பிறக்கும். மூலைக்கு மூலை பரவளைவாக உள்வாங்கிய ஒரு பகுதிதான் உண்மையில் கட்டுண்டிருக்கும். நீளம் அகலத்தைவிட எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அந்தப் பகுதி சுருங்கும்.

உங்கள் எண்களை வைத்தே அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் 440.2ஆர் வழிகாட்டிப்படி கணக்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 0.167 மி.மீ. கனமுள்ள இரண்டு சுற்று கார்பன், மீள்தன்மைக் குணகம் 230 கிகாபாஸ்கல், மூலைகள் 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டப்பட்டவை என்று வைத்துக்கொண்டேன். 230×450 தூணில் கான்கிரீட்டின் வலிமை 15 இலிருந்து ஏறக்குறைய 16 மெகாபாஸ்கல் ஆகிறது. ஏறுவது ஒன்றே ஒன்று, அதாவது ஏழு சதவீதம். அதே இரண்டு சுற்றை உங்கள் 300 மி.மீ. உருண்டைத் தூணில் போட்டால், குறுக்கத் திரிபு (அழுத்தும்போது நீளம் குறையும் விகிதம்) 0.01 ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்பையும் கணக்கில் கொண்ட பிறகு 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. ஒப்பந்ததாரர் சொல்லும் இரட்டிப்புப் பேச்சு, உருண்டையான சோதனைச் சிலிண்டர்களை வைத்து வந்தது. உங்கள் கார் நிறுத்தத்தில் நிற்கும் தூண்களுக்கு அது பொருந்தாது.

லிஃப்டை ஒட்டிய 230×600 தூண்களுக்கு இந்த ஏழு சதவீதமும் கிடையாது. நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் 2 ஐத் தாண்டினால் அச்சுச் சுமைக்கான, அதாவது மேலிருந்து நேராக இறங்கும் சுமைக்கான, பலன் எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது அந்த வழிகாட்டியின் நிலை. உங்களுடையது 2.6. 230×450 க்கு 1.96, வரம்பின் விளிம்பில் நிற்கிறது.

பாலம் கட்டுபவன்

மேலே உள்ள கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படிப்பவர்கள் ஃபைபர் சுற்று செவ்வகத் தூணுக்கு வீண் என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழில்நுட்பம் பரவியதற்கு முக்கியக் காரணம் நிலநடுக்கம். 1994 இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜிலும் 1995 இல் ஜப்பானின் கோபேயிலும் தூண்கள் விழுந்த விதத்தைப் பார்த்த பிறகே அங்கெல்லாம் தூண்களைச் சுற்றும் பணி பெருமளவில் நடந்தது. அங்கே தேவைப்பட்டது அச்சுச் சுமைத் திறன் மட்டுமல்ல. தூண் பக்கவாட்டில் ஆடும்போது வெட்டுவிசையில் (குறுக்கே அறுக்கும் விசை) முறியாமல் இருப்பதும், மூலைக் கம்பிகள் வெளியே பிதுங்காமல் இருப்பதும், கம்பி ஒட்டுப்போட்ட இடம் நழுவாமல் இருப்பதும்தான். இவை மூன்றுக்கும் செவ்வகத் தூணிலும் சுற்று நன்றாகவே உதவும்.

சென்னை, நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893 இன் 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. 1992 இல் கட்டிய கட்டடம் அதற்கு முந்தைய விதிப்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். மேலே சுவர்கள் நிறைந்த தளங்களும் கீழே வெறும் தூண்களும் கொண்ட ஸ்டில்ட் அமைப்பு நிலநடுக்கத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2001 இல் அகமதாபாத்தில் பார்த்தோம். உங்கள் தூண்களில் இற்றுப்போனது ரிங் கம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். ரிங் செய்த வேலையைச் செய்ய ஃபைபர் சுற்றால் முடியும். ஆகவே ஒதுக்கிவிடாதீர்கள், எதற்காகச் செய்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

அச்சுச் சுமைக்கும் சுற்றே வேண்டுமென்றால், செவ்வகத் தூணைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (சிமெண்ட் குழம்பு) ஊற்றி நீள்வட்டமாக்கிவிட்டுச் சுற்றும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்கும் கார் இடம் போகும்.

உப்புக்காற்று

நான் துருவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒப்பந்ததாரர் சொன்னவற்றில் மிகவும் ஆபத்தான பகுதி அதுதான்.

மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையான அளவு வந்தால், கம்பி துருப்பிடித்துக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்பது செப்பு சல்ஃபேட் மின்முனையை வைத்து எடுக்கும் சோதனைக்கான பொது அளவுகோல். உங்கள் அடிப்பகுதி 410. கம்பி கட்டிய கான்கிரீட்டில், ஊற்றும்போது ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456. உங்களிடம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதுவும் முழங்கால் உயரத்துக்குள்ளேதான் அதிகம் என்றால், உப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடற்காற்று தூணின் உயரம் முழுவதும் படியும். அடியில் மட்டும் சேர்வதற்குப் பெரும்பாலும் தரையில் நிற்கும் தண்ணீர்தான் காரணம். திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகள் நிறைய. காலையில் அந்தத் தண்ணீரில் வரிசையாகக் கார் கழுவும்போது தூணின் அடி நனைந்து, மதியத்துக்குள் காய்ந்து, மறுநாள் மீண்டும் நனைகிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் உள்ளே தங்குகிறது. பூச்சின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், மாவு போல் கையில் ஒட்டும்.

இப்போது அதன் மேல் எபாக்ஸியும் ஃபைபரும் சுற்றினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வரும் ஈரமும் ஆக்சிஜனும் குறையும், உண்மைதான். உள்ளே ஏற்கெனவே இருக்கும் உப்பும் ஈரமும் அங்கேயே அடைபடும். சுற்று தரைமட்டத்தில் நின்றுவிடுவதால் அஸ்திவாரத் தூணிலிருந்து ஈரம் மேலேறிக்கொண்டேதான் இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைப்பது; அது உள்ளிருந்து தள்ளும்போது வெளியே ஒரு விரிசலும் தெரியாது. துருவைச் சரிசெய்யாமல் அதன் மேல் சுற்றக்கூடாது என்று 440.2ஆர் வழிகாட்டியே சொல்கிறது. இன்று உங்களுக்குத் தெரியும் எச்சரிக்கையை நீங்களே மூடிவிட்டதாகத்தான் ஆகும்.

செய்ய வேண்டியது பழைய வேலைதான். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் துருவைப் பளிச்சென்று வரும்வரை நீக்க வேண்டும். மிஞ்சிய விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து ஒவ்வொரு தூணுக்கும் எழுதி வைக்க வேண்டும். 16 மி.மீ. கம்பி 14 ஆகத் தேய்ந்திருந்தால் கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பரப்பளவில் 23 சதவீதம் போய்விட்டது. அங்கே புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். இன்னொன்று, அடியில் மட்டும் புதுக் கான்கிரீட் போட்டு நிறுத்தினால், ஒட்டுக்கு மேலே உள்ள பழைய பகுதியில் துரு புதிதாக வேகமெடுக்கும். அந்த எல்லையில் கம்பியோடு, அதற்குப் பதிலாகத் தாமே கரையும் துத்தநாக ஆனோடுகளைக் கட்டிவைப்பது இதற்காகத்தான்.

கார் கழுவுவதை நிறுத்தச் சொல்வது பொதுக்குழுவில் எடுபடாது என்று தெரியும். கழுவும் இடத்தையாவது தூண்களிலிருந்து தள்ளி, தரைக்குச் சரிவு கொடுத்துத் தண்ணீர் வடியச் செய்யுங்கள்.

வால்மீகி நகர்வாசி

மூவருக்கும் நன்றி. போர் தண்ணீர் விஷயம் அப்படியே எங்கள் கட்டடத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. இன்னும் சில ஐயங்கள். கம்பிக்குப் பின்னால் வரை கொத்தினால் தூண் தாங்குமா, மேலே இருப்பவர்கள் காலி செய்ய வேண்டுமா? பூச்சின் மேலேயே சுற்றலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னது சரியா? கீழே கார் ஏதாவது தீப்பிடித்தால் எபாக்ஸி என்ன ஆகும்?

அம்பத்தூர் சைட் சூப்பர்வைசர்

பூச்சின் மேல் சுற்றலாம் என்றாரா? அவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். பூச்சு என்பது தூணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு பொருள். கான்கிரீட் விரியும்போது நடுவில் இருக்கும் பூச்சு நொறுங்கித் தூளாகும், சுற்று சும்மா தொங்கும். பூச்சு, பெயிண்ட், பட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கான்கிரீட் முகம் வரை தேய்க்க வேண்டும். மூலைகளை கிரைண்டர் வைத்து உருட்ட வேண்டும்; 13 மி.மீ. ஆரம் என்பது குறைந்தபட்சம், 25 கேட்டு வாங்குங்கள். கூர்மையான மூலையில் கார்பன் இழை எளிதில் அறுந்துவிடும். ஆனால் உங்கள் தூணில் கவர் (கம்பிக்கு மேல் உள்ள கான்கிரீட் கனம்) மெலிதாக இருந்து மூலைக் கம்பி வெளியே வந்துவிடும் என்றால் உருட்டவே முடியாது, அதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும். கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கம்பிதான் துருப்பிடிக்கும். அந்த இடத்தில் முதலில் ஒரு சுற்று கிளாஸ் ஃபைபர் போடுவோம்.

பருவமும் முக்கியம். கான்கிரீட் முகத்தின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். நவம்பர் மாத மழையில், காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனி படிநிலை ஏறக்குறைய 24 டிகிரிக்கு வந்துவிடும். வெயிலே படாத ஸ்டில்ட் தூண் அந்த வரம்பை எட்டாமலே போகலாம். தூண் பார்வைக்குக் காய்ந்துதான் இருக்கும், ஆனால் பிரைமர் பிடிக்காது. மே மாதத்தில் சிக்கல் வேறு: எபாக்ஸியையும் ஹார்டனரையும் ஒரு பெரிய வாளியில் கலந்து வைத்தால் ரோலரில் தொட்டுத் தடவும் முன்பே சூடேறிக் கட்டியாகிவிடும், சிறுசிறு அளவாகத்தான் கலக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் நல்லது.

சுற்றின் முனை முந்தைய சுற்றின் மேல் 150 முதல் 200 மி.மீ. வரை ஏறியிருக்க வேண்டும். காய்ந்தபின் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே காற்று இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மணல் தூவச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேலே பூசும் சிமெண்ட் நிற்காது.

தூணும் உத்திரமும்

பாலம் கட்டுபவன் எழுதியதை ஏற்கிறேன். ரிங் கம்பிக்கு மாற்றாகவும் வெட்டுவிசைக்காகவும் சுற்றலாம். அந்தப் பலனைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முட்டுக் கொடுப்பது பற்றி. கம்பிக்குப் பின்னால் நான்கு பக்கமும் கொத்தும்போது 230 மி.மீ. தூணில் ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. போனாலும் மிஞ்சுவது 130 மி.மீ. தான். எனவே உத்திரங்களுக்கு அடியில் இரும்பு முட்டுகளை வைத்து, ஜாக்கியால் இறுக்கிச் சுமையை மாற்றிய பிறகே கை வைக்க வேண்டும். சும்மா நிறுத்திவைத்த முட்டு சுமை வாங்காது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சுமையை இறக்காமல் ஊற்றிய புதுக் கான்கிரீட்டுக்கு, பழைய பகுதி தாங்கிக்கொண்டிருப்பதில் பங்கு கிடைக்காது. அடுத்தடுத்த தூண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடாது. மேலே இருப்பவர்கள் காலி செய்ய வேண்டுமா என்பதை முட்டின் வடிவமைப்பைக் கணக்கிட்டுக் கையெழுத்திடும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். மன்றத்தில் படித்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தீ பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. கையால் தடவிச் சுற்றும் வகை எபாக்ஸிகள் பொதுவாக 60 முதல் 80 டிகிரி வரையிலேயே இளகத் தொடங்கிவிடும். ஒரு கார் எரிந்தால் அந்தத் தூணில் சுற்று இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான், சுற்று முழுவதும் போய்விட்டாலும் பழைய தூண் மட்டுமே நிலைச்சுமையின் 1.1 மடங்கையும் பயன்பாட்டுச் சுமையின் 0.75 மடங்கையும் தாங்கியாக வேண்டும் என்று 440.2ஆர் விதிக்கிறது. சோலார் தகடுகளையும் சேர்த்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். தகடுகளின் எடை மூன்று தளக் கட்டடத்துக்குப் பெரிய சுமையல்ல; அவற்றின் சட்டகம் காற்றுக்குத் தாங்குமா என்பதுதான் சென்னையில் அதைவிடப் பெரிய கேள்வி, ஆனால் அது வேறு திரிக்கு உரியது.

உங்கள் நிலையில் நான் இப்படிப் பிரிப்பேன். கம்பியின் விட்டத்தை அளந்த பிறகு, நீளக் கம்பி கணிசமாகத் தேய்ந்த தூண்களுக்குக் கான்கிரீட் ஜாக்கெட். பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான விதிநூலான ஐ.எஸ். 15988 ஜாக்கெட்டுக்குக் குறைந்தது 100 மி.மீ. கனமும், பழையதைவிடக் குறைந்தது 5 மெகாபாஸ்கல் கூடுதல் வலிமையுள்ள கான்கிரீட்டும் கேட்கிறது. 230×450 தூண் 430×650 ஆகும். கார் இடம் குறையும் என்ற எதிர்ப்பு இதனால்தான், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எல்லாத் தூண்களுக்கும் இது தேவைப்படாமல் போகலாம். ரிங் மட்டும் போய் நீளக் கம்பி நன்றாக உள்ள தூண்களுக்குத் துரு வேலையை முழுதாக முடித்து, மைக்ரோ கான்கிரீட்டால் (சிறு ஜல்லியுள்ள, தானே பரவும் கான்கிரீட்) பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு ஃபைபர் சுற்று. லிஃப்டை ஒட்டிய 230×600 தூண்களுக்கு அச்சுச் சுமைப் பலன் எதையும் சுற்றிலிருந்து கணக்கிடக்கூடாது. முகப்பில் உள்ள இரண்டு உருண்டைத் தூண்களில் சுற்று நன்றாக வேலை செய்யும். ஆனால் அவை போர்டிகோவை மட்டும் தாங்குவதால் அங்கே கூடுதல் பலமே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஒப்பந்ததாரரிடம் விலைப்பட்டியலோடு ஒரு கணக்குத் தாளும் கேளுங்கள். அதில் ஒவ்வொரு தூண் அளவுக்கும் சுற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எந்த விதிநூலின்படி என்று இருக்க வேண்டும். 230×450 க்கு எதிரே இரட்டிப்பு என்று எழுதியிருந்தால் மூலை ஆரத்தையும், செவ்வகத் தூணில் பிடி குறைவதைக் காட்டும் வடிவக் குணகத்தையும் எங்கே சேர்த்தார் என்று கேளுங்கள். தாள் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே பதிவிட்டால் சரிபார்த்துச் சொல்கிறேன்.